கருத்துப் பெட்டியைக் காத்த இருபத்தெட்டு நாள்

மே 4, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குச் சாதகமில்லாததையும் எழுதுவேன். இப்படிக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் உலகம்மாள், புளியங்குடி.

இன்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு ‘ஜன்னல்’ என்று ஒரு வலைப்பூ இருக்கிறது. படித்த புத்தகத்தைப் பற்றி வட்டத்தில் உள்ளவர்கள் எழுதித் தருவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே கருத்துப் பெட்டி உண்டு. பெயரை மட்டும் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். ‘ஜன்னல்’ என்று பெயர் வைத்தவள் என் வகுப்புத் தோழி முப்புடாதி, சுருக்கமாக முப்பி. அவள் இப்போது ஊரில் இல்லை.

வட்டத்தின் தலைவர் வேலாயுதம் சார், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். காலையில் எட்டு மணிக்கே நூலகத்துக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“மேடம், நான் எழுதுன கட்டுரையச் சென்னையில இருந்து வந்திருக்க எங்க மாப்பிள்ளைக்குக் காட்டுனேன். பதினாலு கருத்து வந்திருக்குன்னு பெருமையாச் சொன்னேன். அவரு கீழ இறக்கிப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம போனக் குடுத்திட்டாரு.”

நூலகர் ஜெபசெல்வி மேடம் திறந்து பார்த்தார். பதினான்கும் ஆங்கிலம். சீட்டாட்டம் ஆறு, மாத்திரை எட்டு. என்ன மாத்திரை என்று மேடம் என்னைப் படிக்க விடவில்லை. நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

“பெட்டிய மூடிருங்க மேடம். காவல் இல்லாத பெட்டிய ரோட்டுல வச்சா வாரவன் போறவன்லாம் குப்பையத்தான் போடுவான்.”

“மூடக் கூடாது சார்,” என்றேன். “ஜனங்க பேசணும்லா?”

“எந்த ஜனம் பிள்ள? ஆறு மாசத்துல மனுசன் எழுதுன கருத்து எத்தன? சொல்லு.”

எண்ணிச் சொன்னேன். முப்பத்தொன்று. அதில் பத்தொன்பது முப்பி எழுதியவை. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

மே 31, வட்டக் கூட்டத்தில் முடிவு செய்வதாக மேடம் சொல்லிவிட்டார். அதற்குள் குப்பையை நான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பெட்டி மூடப்படும்.

மே 5, செவ்வாய்

எல்லாக் கட்டுரைகளிலும் சேர்த்து 214 குப்பைக் கருத்துகள். ஒவ்வொன்றாக அழித்தேன். விரல் வலிக்கிறது.

மே 6, புதன்

காலையில் புதிதாக 190. இதை எழுதுவது மனிதர்கள் இல்லையாம். நிரல்கள் ஊர் ஊராக வலைத்தளங்களைத் தட்டிப் பார்த்து, திறந்த பெட்டி கிடைத்தால் கொட்டிவிட்டுப் போகுமாம். அவற்றுக்குத் தூக்கம் கிடையாது என்று மேடம் சொன்னார். எனக்குக் கோடை விடுமுறை இருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குப் பழைய போன் ஒன்றும் புது சிம்மும் வாங்கினோம். அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறார். போன மாதம் போனை மடியிலிருந்து தவறவிட்டு, அது மூட்டைக்குள் போய், மூட்டை லாரியில் கேரளாவுக்குப் போய்விட்டது. இவ்வளவு நாளும் திரும்பி வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 7, வியாழன்

தடைச்சொல் பட்டியல் போட்டேன். சூதாட்டம், மாத்திரை, கடன், பரிசு என்று அறுபத்திரண்டு ஆங்கிலச் சொற்கள். மாலைக்குள் அவர்கள் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு அதே சொற்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். ஓ இருக்கும் இடத்தில் பூஜ்யம். கோபமாக இருந்தாலும் ஒரு நிமிடம் வியந்தேன்.

மே 9, சனி

‘மூன்றும் நான்கும் எவ்வளவு?’ என்று பெட்டியைக் கேட்க வைத்தோம். எல்லா நிரல்களும் ஏழு என்று சரியாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தன. வேலாயுதம் சார் இரண்டு முறை தப்பாகப் போட்டு வெளியே நின்றார்.

“கணக்கு வச்சிருக்கவங்க மட்டும் எழுதலாம்னு மாத்திரலாமா உலகு?” என்றார் மேடம். “ஈமெயில் போட்டு உள்ள வரணும். குப்பை முக்காவாசி நின்னுரும்.”

“வேண்டாம் மேடம். நம்ம ஊர்ல எத்தன பேர்கிட்ட ஈமெயில் இருக்கு?”

“யாருக்காகச் சொல்லுத?”

“பொதுவாத்தான் மேடம்.”

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

முப்பியின் குடும்பம் ஏப்ரல் கடைசியில் புனேவுக்குப் போனது. அவள் மாமா அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிறார். கிளம்பும் நாளில் அவள் நூலகத்துக்கு வந்து, “பெட்டில எழுதுதேன்னு அவகிட்ட சொல்லிருங்க” என்று மேடத்திடம் சொன்னாளாம். நான் அப்போது அங்கே இல்லை. இதைச் சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

போகும்போது என் கார்டில் எடுத்த நூலகப் புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டாள். கடலுக்கு அடியில் வாழும் உயிர்களைப் பற்றிய தடித்த புத்தகம். கேட்காமல் கொண்டுபோனாள். இதுவும் தகவல்தான்.

மே 11, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருந்தபோது தோன்றியது. வந்த குப்பையெல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் ரஷ்யன். ஒன்றில்கூடத் தமிழ் எழுத்து இல்லை. நாங்களோ தமிழ் வாசகர் வட்டம். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத கருத்தைப் பெட்டி வாங்கவே கூடாது. அவ்வளவுதான்! குடம் வழிந்து பக்கத்து வீட்டு அக்கா கத்தும்வரை நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

நான்கு மணிக்கு நூலகம் திறந்ததும் சொன்னேன். மேடம் ஒரு மணி நேரம் தேடி, அதற்கென்றே உள்ள சிறு நிரலைக் கண்டுபிடித்து இணைத்தார். தமிழ் எழுத்து இருந்தால் கருத்து வெளியே தெரியும். இல்லையென்றால் குப்பைக் கூடைக்குப் போகும். பதினைந்து நாள் ஆனதும் கூடையில் உள்ளது தானாகவே அழிந்துவிடும்.

மே 12, செவ்வாய்

பூஜ்யம்.

மே 13, புதன்

பூஜ்யம்! வேலாயுதம் சார் மகள் போனிலிருந்து ‘சோதனை. வேலாயுதம்.’ என்று எழுதிப் பார்த்தார். உடனே தெரிந்தது. “தமிழ் காப்பாத்திட்டுல்லா!” என்று செய்தித்தாள் பகுதி வரைக்கும் கேட்கும்படி சொன்னார். கூட்டத்தில் எனக்குச் சால்வை போடப் போகிறாராம். சால்வை வேண்டாம், புத்தகம் தாருங்கள் என்றேன்.

குப்பைக் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

மே 15, வெள்ளி

நூலகத்துக்கு விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கைக் கவிழ்த்ததும் அப்பா அழுகலைத் தேடுவதில்லை. நல்ல காயை மட்டும் கண் பார்க்கிறது, கை எடுக்கிறது. மிஞ்சுவது கழிவு.

மே 17, ஞாயிறு

பெட்டி சுத்தமாக இருக்கிறது. யாரும் எழுதவில்லை.

மே 18, திங்கள்

யாரும் எழுதவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பது சிலருக்குப் பழக்கம்.

மே 20, புதன்

தேர்வு முடிவு! 481. நூலகக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். வேலாயுதம் சார் கடலைமிட்டாய் வாங்கி, வந்திருந்த எல்லாருக்கும் கொடுத்தார். அப்பா மார்க்கெட்டில் ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று அறிவித்ததாகக் கேள்விப்பட்டேன்.

என் பதிவு எண்ணுக்கு அடுத்த எண்ணையும் போட்டுப் பார்த்தேன். கை தவறிப் பட்டது. பிறந்த தேதியையும் கேட்டது. அதுவும் கை தவறித்தான் பட்டது.

தமிழ் 88, ஆங்கிலம் 74, கணக்கு 91, சமூக அறிவியல் 85. அறிவியல்: வரவில்லை.

அறிவியல் தேர்வன்று அவளுக்கு மஞ்சள்காமாலை. கண் எலுமிச்சம்பழம் போல இருந்தது.

மே 22, வெள்ளி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

மே 25, திங்கள்

தற்காலிக மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் இருந்தது: துணைத்தேர்வு எழுத விரும்புவோர் பள்ளி வழியாக விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 28, மாலை ஐந்து மணி. இரண்டு முறை படித்தேன்.

இது அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பெட்டியில் கேட்டிருக்கலாம். அவளோ எழுதவே இல்லை. புனேவில் புது சிநேகிதி கிடைத்திருப்பாள்.

மே 26, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட வந்த அப்பா போனைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

“ஏளா, ஒன் ஜன்னலு என்னைய உள்ளயே விட மாட்டேங்கு.”

“என்னப்பா போட்டிய?”

“நீ எழுதுனதப் படிச்சிட்டு ‘சூப்பர் தாயி’ன்னு போட்டேன். நாலு நாளா போடுதேன். முழுங்கிட்டு முழுங்கிட்டு உக்காந்திருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். சூப்பர் தாயி என்றுதான் இருந்தது. ஆனால் முழுவதும் ஆங்கில எழுத்து.

“தமிழ்ல எழுத வேண்டியதுதானப்பா?”

“இது தமிழு இல்லாம என்னது? மார்க்கெட்டுல எல்லாவனும் இப்படித்தான போடுதான். தமிழ் எழுத்த எங்க போயித் தேட? ஒங்க லைப்ரரியில தட்டுததுக்குப் பட்டன் இருக்கு. இதுல இருக்கா?”

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். நூலகத்தில் இருந்தவரை முப்பியும் அங்கே உள்ள விசைப்பலகையில்தான் தமிழில் தட்டினாள். இப்போது அவளிடம் இருப்பது அவள் அம்மாவின் பழைய போன்.

மூன்று மணிக்கே போய் நூலகப் படியில் நின்றேன். மேடம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும், இடம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. குப்பைக் கூடையில் 3,412. “எல்லாத்தையும் அழிச்சிருவோம்” என்று மேடம் மவுசை நகர்த்தினார்.

“மேடம், வேண்டாம்!”

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் ‘ஷ்ஷ்’ என்றார்கள். நூலகத்தில் என்னை யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

புதியதிலிருந்து தொடங்கினேன். ஏழு மணிக்குள் 1,300 முடிந்தது. அப்பாவின் ‘சூப்பர் தாயி’ ஆறு. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேட்ட பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருவர். ‘இந்தப் பெட்டி எங்கள மாதிரி ஆளுகளுக்கு இல்ல போல’ என்று எழுதிய யாரோ ஒருவர். மனிதர்கள் மொத்தம் ஏழு பேர். நான்தான் அவர்களை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அதற்குச் சால்வை வேறு.

முப்பி இல்லை. அழுகலைத் தேடித் தேடிக் கண் சோர்ந்துவிட்டது.

மே 27, புதன்

இன்று அப்பாவைப் போல் பார்த்தேன். குப்பையைப் படிக்கவில்லை. வேகமாக உருட்டிக்கொண்டே போய், நம் ஊர்ப் பேச்சின் சாயல் பட்டால் மட்டும் நின்றேன். காலையிலேயே கிடைத்தது. நேற்று அவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் இருந்ததை அவள் குரலில் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மே 14: “ஏட்டி உலகு, முந்தாநாளு எழுதுனேன், ஒண்ணையும் காணும். கோவம் இன்னும் தீரலையா? இங்க ஒரே மழை. மாவாட்டுத சத்தத்துலதான் முழிக்கேன். முப்பி.”

மே 21: “ரிசல்ட் பாத்தேன். சயின்ஸ் தவிர எல்லாம் பாஸ். திரும்ப எழுதுதேன்னு அம்மாட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டா. யார்ட்ட கேக்கணும், எப்ப கடைசி தேதின்னு ஹெச்.எம். கிட்ட கேட்டுச் சொல்லுட்டி. ஒங்க அப்பா நம்பருக்குப் போட்டா யாரோ மலையாளத்துல திட்டுதான்.”

மே 25: “சரி, நீ பேச வேண்டாம். அம்மா நம்பர் போடுதேன், தேதிய மட்டும் சொல்லு. நீ கேட்டேல்லா, அந்தப் புக்கு எனக்கு எதுக்குன்னு? 212 பக்கம் படிச்சிட்டேன். ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம். ஒனக்கு ஒண்ணாவது இருக்கா?”

முதல் நாள் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அவள் கிளம்புவதற்கு முந்தைய நாள் நூலக வாசலில் வைத்து நான் சொன்னது இது: “பரீட்சைக்கே போகாதவளுக்கு இந்தப் புத்தகம் எதுக்கு?” புத்தகத்தால் வந்த கோபம் இல்லை. அவள் போகிறாளே என்ற கோபம். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கும் போகவில்லை. உண்மையை எழுதுவேன் என்று சொல்லிவிட்டு இருபத்துமூன்று நாள் இதை மறைத்தேன்.

மே 12-ல் அவள் எழுதிய முதல் கருத்து இன்று காலை அழிந்துவிட்டது. நேற்று மாலை கூடையின் அடியிலிருந்து தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கும். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று இனி எனக்குத் தெரியாது.

வேலாயுதம் சார் உள்ளே வந்து, நான் அழுவதைப் பார்த்து, திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பதிமூணு நாளா கெடக்கா?”

“ஆமா சார். என்னாலதான்.”

“முப்பத்தாறு வருச சர்வீஸ். ஒரு தபால ஒரு நாள் தங்க வச்சதில்ல. பெட்டிய மூடச் சொன்ன மடையன் நான்தான?” மணியைப் பார்த்தார். “கடைசித் தேதி என்னைக்கு?”

“நாளைக்குச் சார்.”

“அப்ப இது அவசரத் தபால். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்கூல்ல இருக்கோம். வண்டியில ஏறுததுக்குப் பயப்படுவியா?”

மே 28, வியாழன்

அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். ஆனால் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டோம்.

தலைமையாசிரியை கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். “பிள்ள ஊர்ல இல்லையே. பேரண்ட்ஸ் சம்மதம் வேணும்லா?” என்றார். நான் நம்பரை நீட்டினேன். இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை முப்பியின் அம்மா எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம்.

“எழுதட்டும் டீச்சர். அவ அந்தக் கடல் புக்கத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குதா. நான் கொண்டுவந்து விடுதேன்.”

தலைமையாசிரியை உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். “பதிவு எண் யாருக்காவது தெரியுமா? பழைய ஃபைல எடுக்கணும்னா நேரமாகும்.”

பார்க்காமல் சொன்னேன்.

“பிறந்த தேதி?”

அதையும் சொன்னேன்.

“உன் நம்பரா, அவ நம்பரா?” என்றார் தலைமையாசிரியை.

“அவளோடது மேடம். என்னோடது இதுக்கு முந்தினது.”

பதினொன்று பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வெளியே வந்தது. வேலாயுதம் சார் அதை வாங்கி, நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சந்தோஷத்தில் கத்தியதில் மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

மாலையில் தமிழ் எழுத்து மட்டும் என்ற சட்டத்தை நானே எடுத்தேன். அதற்குப் பதில் பெட்டியின் முன்னால் ஒரு கேள்வி வைத்தோம்: ‘எங்கள் ஊர் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக ஏலம் போவது என்ன காய்?’ எந்த எழுத்திலும் பதில் சொல்லலாம். உலகம் சுற்றும் நிரலுக்குப் புளியங்குடியைத் தெரியாது.

மே 30, சனி

ஆங்கில எழுத்தில் எலுமிச்சையை யார் யார் எப்படித் தட்டுவார்கள் என்று நூலகத்துக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டுச் சேர்த்தோம். பதினேழு விதம் கிடைத்தது. அப்பா மட்டுமே மூன்று விதமாகத் தட்டுகிறார். “தாயி, மூணும் நல்ல காய்தான், ஒண்ணையும் கழிக்காத” என்றார். பதினேழையும் சரி என்று ஏற்றினேன்.

மே 31, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள். மார்க்கெட்டிலிருந்து அப்பாவுடன் நான்கு பேரும், கண்டக்டர் அண்ணனும் முதல் முறையாக வந்தார்கள்.

நான் எழுந்து மூன்று நாள் கணக்கைப் படித்தேன். பெட்டியைத் தட்டிய நிரல்கள் 611. உள்ளே வந்தவை பூஜ்யம். எழுதிய மனிதர்கள் 27. பிறகு, தமிழ் எழுத்து மட்டும் என்று நான் போட்ட சட்டத்தால் நடந்ததையும் படித்தேன். முடித்ததும் முதலில் கை தட்டியது கண்டக்டர் அண்ணன்.

வேலாயுதம் சார் தீர்மானம் கொண்டுவந்தார். “கருத்துப் பெட்டி என்றும் திறந்திருக்கும். குப்பைக் கூடையைத் தினமும் ஒருவர் கையால் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். முதல் மாதம் அந்தப் பொறுப்பு எனக்கு.” எல்லாரும் கை தூக்கினார்கள். ஒரு கைக்குப் பதில் அப்பா இரண்டு கையையும் தூக்கினார்.

சால்வை போடவில்லை. புத்தகம் தந்தார்கள். பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மேடம், “உலகு, இங்க வா!” என்று கூப்பிட்டார்.

பெட்டியில் புதிதாக ஒன்று.

“நீ அனுப்புன அப்ளிகேஷன் நம்பர் வந்திட்டு. பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால வாரோம், ஒங்க வீட்டுலதான் தங்குவேன். புக்கையும் கொண்டாரேன். எலுமிச்சைன்னு போட்டதும் உள்ள விட்டுட்டு, ஆனா நான் கேட்ட ஆக்டோபஸ் கேள்விக்கு மட்டும் நீ இன்னும் பதிலே சொல்லலையே? முப்பி.”

எல்லாரும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்கள். “என்ன கேள்வி?” என்று அப்பா கேட்டார். யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்தேன். பெட்டி என்னிடமும் என்ன காய் என்று கேட்டது. பதில் போட்டேன். பிறகு எழுதினேன்:

“ஒண்ணு இருக்கு. சீக்கிரம் வாட்டி.”

உடனே தெரிந்தது.

நாற்காலிகளை அடுக்கினோம். வேலாயுதம் சார் குப்பைக் கூடையைக் கடைசி வரிவரை பார்த்துவிட்டு, “இன்னைக்கு நிலுவை இல்ல” என்றார். ஏழு மணிக்கு மேடம் நூலகத்தின் விளக்குகளை அணைத்தார்.